அரளி எனில் விஷம்

'எனில்' என்ற சொல்லைத் தமிழர்கள் எழுதுவார்கள், பேசமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் அது வரும். படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிடும். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதையே உடுத்தி, அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரை மைசூரில் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

செடிகொடிகளை ஆராய்கிற மத்திய அரசு அலுவலகம் அது. நான் நிர்வாக அதிகாரி. எனக்குச் செடி தெரியாது, விதி தெரியும். விஞ்ஞானிகளுக்குச் செடி தெரியும், விதி தெரியாது. இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்பும் சுகமாக இருந்தோம். இரண்டும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு இவர் வந்து சேர்ந்தார்.

"காபி சூடா இருக்கு எனில் கொடுங்க. ஆறிப்போச்சு எனில் நீங்களே குடிச்சிடுங்க" என்பார். டவுன் பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது சாமராஜபுரம் போகும் எனில் ஏறறேன். வழியில ரூட்டு மாத்துவீங்க எனில் இப்பவே சொல்லிடுங்க" என்று கண்டக்டரிடம் நிபந்தனை வைப்பார். கன்னடத்தில் பேசினாலும் எனில் மட்டும் தமிழிலேயே வரும். கன்னடக்காரக் கண்டக்டருக்கு எனிலும் புரியாது, இவரும் புரியாது. "ஹத்தி ஸார், ஹத்தி" என்று ஏறச் சொல்லி, சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் அந்த வசதி இல்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் பார்த்திருக்கிறேன். மற்றபடி அவர் எனில்தான். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

வந்த புதிதில் எனக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் அனுப்பினார். 'இன்று ஜுரம். நாளையும் தொடரும் எனில் நாளைக்கும் விடுப்பு வேண்டும். தொடராது எனில் இவ்விண்ணப்பத்தின் இரண்டாம் வரி செல்லாது.' நிபந்தனையின்பேரில் விடுப்பு வழங்க விதியில் இடமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். 'இடமில்லை என்று எந்த விதி சொல்கிறது? அப்படி ஒன்று உண்டு எனில் எண்ணைத் தெரிவிக்கவும்' என்று பதில் வந்தது. விடுப்பு விதிகள் முழுவதையும் தேடினேன். அப்படி ஒரு விதி இல்லை. ஜுரம் யாருக்காவது வரும் என்று விதி எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். எனில் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

அடிப்படையில் அவர் புல் ஆராய்ச்சிக்காரர். அருகம்புல்லுக்கும் கோரைக்கும் இடையில் ஆயுள் முழுவதையும் கழிக்க வேண்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவரைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு பெங்களூருக்கு அனுப்பிவைத்தார். அங்கேதான் 'இப்படி எனில் அப்படி' என்று வரிவரியாக விதி எழுதிக் கொடுத்தால் யோசிக்கிற மெஷின் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியவந்தது. பிறந்ததிலிருந்து தேடிய தாய்மொழி கிடைத்துவிட்டது. திரும்பி வந்து டைரக்டரை அரித்து அரித்து, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஏ.சி. அறையும் வாங்கிவிட்டார். டைரக்டருக்கே ஏ.சி. கிடையாது. மே மாதம் முழுவதும் டைரக்டர் அந்த அறைக்குள் ஆராய்ச்சியின் முன்னேற்றத்தைக் கண்காணித்தபடி கண்ணயர்ந்திருப்பார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்பதால் அவர் எப்போது உள்ளே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மெஷினுக்கு முன்னால் ஒரு செடியோடு உட்கார்ந்தால் அது கேள்வி கேட்கும். இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா? கிள்ளினால் பால் வருகிறதா? பூவுக்கு எத்தனை இதழ்? பதிலைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் செடியின் பெயரைச் சொல்லும். அதற்குமேல் இன்னொன்றும் செய்யும். 'ஏன்?' என்று தட்டினால், எந்தெந்த விதியைப் பிடித்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தது என்று வரிசையாகக் காட்டும். எனிலுக்கு அதில்தான் பெருமை. "ஏன்னு கேட்டா பதில் சொல்ற ஒரே ஆள் இந்த ஆபீஸ்ல இதுதான், அல்வா ஸார்?" என்று என்னிடமே கேட்பார். மைசூர்த் தமிழர்களான எங்களுக்கு வாக்கியம் முடிகிற இடத்தில் கன்னட 'அல்வா' தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இல்லையா' என்று அர்த்தம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய்ப்பில்லாமல் கேட்பார்.

முதல் வெள்ளோட்டத்துக்கு டைரக்டர் தன் அறையிலிருந்து ஒரு தொட்டிச் செடியை அனுப்பினார். மெஷின் கேட்ட கேள்விக்கெல்லாம் எனில் உண்மையான பதிலைத் தட்டினார். பூக்கிறது. காய்ப்பதில்லை. எந்தக் காலத்திலும் இலை உதிர்வதில்லை. பூச்சி அண்டுவதில்லை. மெஷின் நெடுநேரம் யோசித்துவிட்டு, 'இந்தியாவில் இதுவரை பதிவாகாத இனம்' என்றது. டைரக்டர் தன் பெயரை அந்த இனத்துக்கு லத்தீனில் எப்படி வைப்பது என்று மத்தியானம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பெருக்குகிற அம்மாள் வந்து அதைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

எனில் அசரவில்லை. "பிளாஸ்டிக்குன்னு ஒண்ணு உண்டுன்னு அதுக்கு யார் சொன்னது?" என்று உடனே ஒரு விதி சேர்த்தார்: 'தூசி படியும், ஆனால் வாடாது; வளராது; இருக்கிற இடத்தை விட்டு நகராது எனில், அது உயிரல்ல.' அதைப் படித்துக் காட்டும்போது எதற்காக என்னைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருடைய பெரிய பைத்தியம் வேறு. கோயம்புத்தூரில் விஷச் செடிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கல்கத்தாவில் பழைய உலர்செடிகள் கிடக்கின்றன. எங்களிடம் பிளிகிரிரங்கன் மலைச் செடிகள் இருக்கின்றன. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்கள். "அறிவு பீரோவுல இருக்கு எனில் அது அறிவு இல்ல ஸார், பாச்சை உருண்டை" என்பார். ஒவ்வொரு செடிக்கும் நாடு முழுவதற்கும் ஒரே எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் இன்னோர் அலுவலகத்துக் கம்ப்யூட்டரோடு தன் அறிவைக் கோத்துக்கொள்ள வேண்டும். இதுதான் அவர் கனவு.

இதற்காகக் கோயம்புத்தூருக்குத் தொலைபேசிக் கம்பி வழியே மெஷினைப் பேசவிட்டார். அது கழுத்தை நெரித்த வாத்து மாதிரி கத்தும், பிறகு லைன் அறுந்துபோகும். வெளியூர்த் தொலைபேசிப் பதிவேட்டில் 'பேசியவர்' என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர்' என்றும், 'பேசிய விஷயம்' என்ற இடத்தில் 'மெஷினுக்கே தெரியும்' என்றும் எழுதியிருந்தார். அலுவலகத் தொலைபேசியை இயந்திரங்கள் சொந்த உரையாடலுக்குப் பயன்படுத்தலாமா என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு அனுப்பினேன். அதன்பின் கோயம்புத்தூர் அறிவு பிளாப்பியில் ஏறித் தபாலில் வந்தது. அவர்கள் தமிழில் வைத்திருந்த விஷச் செடிப் பெயர்களும், எங்கள் தோட்டக்காரர் கன்னடத்தில் எழுதிய வளாகத்து மரங்களின் பெயர்களும் ஒரே பெட்டிக்குள் போயின. இரண்டும் ஆங்கில எழுத்தில்தான் ஏறின, ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு மொழியும் தெரியாது.

இரண்டையும் எப்படிக் கோப்பது? எனில் சிரித்தார். அவர் பிறந்தது மைசூர், பேசுவது வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். நெல்லிக்கு இரண்டிலும் நெல்லி. அத்திக்கு அத்தி. துளசிக்குத் துளசி. ஒரு விதி எழுதினார்: 'கன்னடப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்று எனில், செடியும் ஒன்று.' மெஷின் விறுவிறுவென்று கோத்துத் தள்ளியது.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா அலுவலக வளாகங்களிலும் உள்ள விஷச் செடிகளைக் கண்டறிந்து அகற்றி, அகற்றியதைத் தெரிவிக்க வேண்டும். டைரக்டர் துள்ளினார். எனிலின் திட்டத்துக்கு நீட்டிப்புத் தருவதா வேண்டாமா என்று பார்க்க டில்லியிலிருந்து குழுத் தலைவர் வருவதாக இருந்தார். மெஷினே விஷச் செடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்! மெஷின் கிரீச் கிரீச்சென்று அச்சடித்துக் கொடுத்தது. முதல் வரி: 'அரளி. இடம்: வாசல். எல்லாப் பாகமும் விஷம். அகற்றுக.'

அந்த வரியை எனில் தமிழில் படித்தார். அரளி விஷம்தானே, வாசல் பக்கம் எங்கோ ஒரு செடி இருக்கும் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். டைரக்டர் அதைக் கன்னடத்தில் படித்தார். கன்னடத்தில் அரளி என்றால் அரச மரம்.

எங்கள் வாசலில் ஓர் அரச மரம் உண்டு. அடியில் நாகக் கற்கள், பக்கத்தில் சின்னத்தாயியின் டீக்கடை. சின்னத்தாயி மார்டள்ளிக்காரி, கொள்ளேகால் தாண்டி, காட்டோரத்தில் இருக்கிற தமிழ் ஊர் அது. மரத்தின் மேலே காக்கைகள். கீழே டைரக்டரின் வெள்ளை அம்பாசிடர். காலையில் வெள்ளையாக வந்து நிற்கிற கார் மாலையில் எந்த நிறத்தில் வீட்டுக்குப் போகும் என்பது காக்கைகளின் கையில் இருந்தது. ஆகவே அரச மரம் விஷம் என்று விஞ்ஞானம் சொன்னபோது டைரக்டர் விஞ்ஞானத்தோடு வாதாடவில்லை. ரிஷிகளுக்கே தெரியாமல் போனதை எங்கள் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று டில்லிக்குக் கடிதம் போட்டார். மரத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், கட்டையை ஏலம் விடவேண்டும், ஏலத்துக்கு மூன்று வாரம் முன்னால் அறிவிப்பு ஒட்டவேண்டும் என்று கோப்பில் குறிப்பு எழுதினேன். என் குறிப்பு அனுமதியைப் பற்றியது. மரத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை, அது என் பிரிவும் அல்ல.

"ஏன்ரீ, மெஷீனே ஹேளிதெ, நீவ்யாரு பேட அன்னோக்கெ?" என்றார் டைரக்டர். மெஷினே சொல்லிவிட்டது, வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷ அரசாங்க வாழ்க்கையில் என்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் வரையறுத்ததில்லை.

டில்லிக்காரர் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் மரம் வெட்டுகிற ஆள் வந்துவிட்டான். கோடாலியை வேரின்மேல் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டான். "ராகு காலா முகீலி ஸ்வாமி" என்றான். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடியாமல் தொடமாட்டான். முடிந்த பிறகும் நாகக் கல்லை அவன் நகர்த்தமாட்டான், வேறு யாராவது நகர்த்தித் தரவேண்டும். டைரக்டர் என்னைப் பார்த்தார். நாகத்தை இடமாற்றம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.

அப்போதுதான் எனில் டீக்கு வந்தார். கோடாலியைப் பார்த்துத் திடுக்கிட்டு, "யாகே ஸார், அரளி மரா யாகே?" என்று கன்னடத்தில் பதறினார். அரச மரத்தை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்.

"நிம்ம மெஷீனே ஹேளித்தல்வா!" என்றார் டைரக்டர். உங்கள் மெஷின்தானே சொன்னது!

சின்னத்தாயி அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். "ஏனுங்க எனில் சாமி, மரத்த வெட்டிப்போட்டா எம்பட அடுப்பக் கொண்டுபோயி எங்கீங்க வெக்கறது? வெய்யில்ல நின்னு எவன் டீ குடிப்பான்? மரம் உங்கள என்னங்க பண்ணுச்சு?"

"நான் வெட்டச் சொல்லல சின்னத்தாயி. மெஷின் அரளியத்தான் எடுக்கச் சொல்லிச்சு. அரளின்னா விஷம், உனக்கே தெரியும். அரளி..."

நின்றார். டீ கிளாஸ் கையில் சாய்ந்து, டீ அவர் செருப்பின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதே வாயால் கன்னடத்தில் அரச மரத்தை அரளி என்றவர். பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் பேசுகிறவருக்கு இந்த இரண்டு சொல்லும் ஒரே சொல் என்பது அன்றைக்கு வரை தெரியவில்லை. அவர் தலைக்குள் கன்னடம் ஒரு பீரோவிலும் தமிழ் ஒரு பீரோவிலும் தனித்தனியாகப் பூட்டியிருந்தன.

"ஸார்," என்றார் என்னிடம், "இது கன்னடத்துல என்ன மரம்?"

"அரளி."

"தமிழ்ல அரளின்னா?"

சொல்ல வாயைத் திறந்த நானும் நின்றுவிட்டேன்.

"சுத்தம்" என்றாள் சின்னத்தாயி. "ரெண்டு பேருக்கும் காத்துக் கருப்பு அண்டிருச்சு போல."

அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "இங்க பாருங்க. டேட்டா என்ட்ரி தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. தோட்டக்காரர் எழுதினது தப்பு, இல்ல கோயம்புத்தூர் அனுப்பினது தப்பு. நம்ம சர்வீஸ்ல டேட்டா என்ட்ரி தப்புக்குத் தண்டனையே கிடையாது. மரமும் நிக்கும், உங்க மெஷினும் நிக்கும்."

"தோட்டக்காரர் எழுதினது சரி ஸார்" என்றார். "கோயம்புத்தூர் எழுதினதும் சரி. சேர்த்துக் கட்டினது நான்."

"நீங்கன்னு சொன்னீங்க எனில் திட்டம் போயிடும்!" என்று கத்தினேன். அவரோடு பழகிய தோஷம், என் வாயிலும் வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பன்னிரண்டுக்கு முன்பே டில்லிக்காரர் வந்துவிட்டார். அரசாங்கத்தில் முன்னதாக வருகிறவர்களால் விளைகிற தீமைக்கு அளவில்லை. காரை விட்டு இறங்கினார். வரவேற்பு மாலையோடு டைரக்டர் முன்னால் போனார். அந்தப் பெரியவர் டைரக்டரைத் தாண்டி நடந்து, அரச மரத்தடியில் ஷூவைக் கழற்றி, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். கண் திறந்தபோது எதிரே கோடாலி.

"இது எதற்கு?" என்று இந்தியில் கேட்டார்.

டைரக்டர் மாலை பிடித்த கையால் ஏ.சி. அறையைக் காட்டினார். "கம்ப்யூட்டர் சொன்னது சார். நான் இல்லை, கம்ப்யூட்டர்" என்றார். டில்லிக்குக் கடிதம் எழுதிய கை அதுதான்.

எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போனோம். எனில் அந்த வரியைத் திரையில் கொண்டுவந்தார். ஓர் அதிகாரி தப்பு செய்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எங்களிடம் எழுதாத நடைமுறை ஒன்று உண்டு: முதலில் மறுக்க வேண்டும், பிறகு மாற்றல் வாங்க வேண்டும். இந்த மனிதர் 'ஏன்?' என்று தட்டினார். மெஷின் வரிசையாகச் சொல்லியது. வாசலில் அரளி இருக்கிறது. அரளி விஷம். கன்னடப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்று எனில், செடியும் ஒன்று.

"கடைசி விதி என்னுடையது" என்றார். "தப்பு. மெஷின் நான் சொன்னதைத்தான் செய்தது. ஏன் என்று கேட்க முடிந்ததால்தான் தப்பு எங்கே என்று தெரிகிறது. இனிமேல் பெயர் ஒன்று எனில் இது அதுதானா என்று இரண்டு ஊரிலும் ஆளைக் கேட்டுவிட்டுக் கோக்கும்படி மாற்றிவிடுகிறேன்."

"இது தப்பே செய்யாமல் இருக்க எத்தனை காலம் ஆகும்?"

"எல்லா ஆபீசும் கையில் இருப்பதைத் திறந்து காட்டும் எனில், சீக்கிரம். காட்டாது எனில்..."

"உங்கள் திட்டத்தில் எனில் அதிகம்" என்றார் பெரியவர். அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. மரத்துக்கு நீட்டிப்பு, திட்டத்துக்கு இல்லை. டைரக்டர் காரை வேறு மரத்தடிக்கு மாற்றினார், காக்கைகளும் மாறின. எனில் பழையபடி புல்லுக்குத் திரும்பினார். சின்னத்தாயி, "மரத்தக் கேட்டவங்க, இப்ப மிசினையும் பிடுங்கிக்கிட்டாங்களாக்கும்" என்று அவருக்கு மட்டும் இரட்டை ஏலக்காய் போட்டுக் கொடுத்தாள். "ஏலக்காய் வாசம் இருக்கு எனில் நல்ல டீ" என்று குடித்துவிட்டுப் போனார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. புலம்பியிருந்தால் ஒரு குறிப்பு எழுதிப் பதில் சொல்லியிருப்பேன்.

சும்மா கிடக்கிற இயந்திரத்தை எந்தப் பிரிவு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அதன்படி கம்ப்யூட்டர் என் பிரிவுக்கு வந்தது, சம்பளப் பட்டியல் போட. அதை நிறுவிக் கொடுக்க ஒரே ஆள்தான் இருந்தார். வந்தார், இரண்டு நாள் உட்கார்ந்து தட்டினார், போய்விட்டார். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். சம்பளம் வரவில்லை. திரையில் ஆங்கில எழுத்தில், நம் தமிழில், ஒரு கேள்வி நின்றது: 'டீ குடித்தாயிற்றா? ஆம் / இல்லை.'

இல்லை என்று தட்டினேன்.

'இல்லை எனில், எனிலைக் கூப்பிடவும்.'

அலுவலகக் கணிப்பொறியில் அனுமதியின்றிச் சொந்த வாசகம் சேர்ப்பது குற்றம். எழுதிக் கேட்டால் இன்ஜினியர் வந்து அதை நீக்கிவிடுவார். அதற்கான படிவம் என் மேஜையிலேயே இருந்தது. ஆம் என்று தட்டினாலும் போதும், கேள்வி மறைந்து வேலை தொடங்கிவிடும். அவர் ஓய்வுபெறும் நாள் வரைக்கும் ஒரு காலைகூட நான் ஆம் என்று தட்டியதில்லை.